தேர் திரும்பும் மூலை

2004ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், கணினித் துறை நிர்வாகிகள் ஆயிரக்கணக்கில் கூடியிருந்த கருத்தரங்கு மேடையில் இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பேரட் முழங்காலிட்டார். 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பென்டியம் 4 செயலியை வெளியிடுவதாகச் சொல்லிவிட்டு, பின்னர் அத்திட்டத்தையே கைவிட நேர்ந்ததற்காக அவையோரிடம் மன்னிப்புக் கேட்கும் பாவனை அது. வேடிக்கையாகச் செய்ததுதான். ஆயினும் அந்த வேடிக்கைக்குள் ஒரு காலகட்டத்தின் முடிவு அடங்கியிருந்தது.

இன்று கடையில் விற்கும் மேசைக் கணினியின் விளம்பரத்தில் எட்டு கோர், பதினாறு கோர் என்ற எண்களே முதலில் கண்ணில் படுகின்றன. கோர் என்பது கட்டளைகளைத் தானே படித்து நிறைவேற்றவல்ல ஒரு முழுமையான கணிப்புக் கரு. ஒரே சில்லில் இத்தகைய கருக்கள் பலவற்றை வைப்பது தொழில்நுட்பத்தின் இயல்பான வளர்ச்சி என்றும், ஒன்றைவிட இரண்டு மேல், இரண்டைவிட நான்கு மேல் என்றும் வாங்குவோர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பல கோர் செயலி விரும்பி எடுத்த வழியன்று. நேர்வழி அடைபட்டபின் எடுத்த சுற்றுவழி அது. அந்தச் சுற்றுவழியின் செலவைச் சில்லு செய்தவர்கள் மட்டும் ஏற்கவில்லை. அதன் பெரும்பங்கு நிரல் எழுதுவோரின் தலையில் இறங்கியது.

நேர்வழி எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சில எண்கள் காட்டும். 1978இல் வந்த 8086 செயலியின் கடிகாரத் துடிப்பு 5 மெகாஹெர்ட்ஸ். 1993இல் முதல் பென்டியம் 60 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் செயலி 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டே நாளில் இன்டெல்லும் தொட்டது. 2002 நவம்பரில் பென்டியம் 4 செயலி 3.06 கிகாஹெர்ட்ஸை எட்டியது. ஒன்பதே ஆண்டுகளில் ஏறக்குறைய ஐம்பது மடங்கு உயர்வு. இந்த உயர்வைப் பெற நிரலாளர் செய்யவேண்டியது எதுவுமில்லை. பழைய நிரலைப் புதிய கணினியில் ஏற்றினால் போதும். அது தானாகவே விரைந்து ஓடும். பருவம் தவறாத மழையை நம்பி விதைக்கும் உழவரைப்போல ஒரு தலைமுறை முழுவதும் இந்த வளர்ச்சியை நம்பி நிரல் எழுதியது.

மழைக்குக் காரணமான காற்று எது என்பதை 1974இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் விளக்கியிருந்தனர். டிரான்சிஸ்டரின் நீள அகலங்களைக் குறைக்கும்போது அதற்குரிய மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டர் சிலிக்கான் வெளியிடும் வெப்பம் மாறாமல் இருக்கும் என்பதே அவர்கள் கண்ட உண்மை. அதாவது டிரான்சிஸ்டர்கள் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கையும் கூடும், வேகமும் கூடும். சூடு மட்டும் கூடாது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட கால இடைவெளியில் இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1965இல் சொன்ன கணிப்பைப் பலரும் அறிவர். ஆனால் அந்த எண்ணிக்கையை வேகமாக மாற்றித் தந்தது டென்னார்டின் விதிதான்.

இந்த விதி 90 நானோமீட்டர் தலைமுறையில் தளர்ந்தது. டிரான்சிஸ்டரின் வாயிலுக்குக் கீழே காப்பாக அமைந்த ஆக்சைடுப் படலம் 1.2 நானோமீட்டர் தடிமனுக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்து அணு அடுக்குகளுக்கு மெலிந்துவிட்டது. அவ்வளவு மெல்லிய சுவரை எலக்ட்ரான்கள் ஊடுருவிக் கசிந்தன. மின்னழுத்தத்தை மேலும் தாழ்த்தினால், அணைந்திருக்கவேண்டிய டிரான்சிஸ்டரும் முழுதாக அணையாமல் மின்னோட்டத்தைக் கசியவிட்டது. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் என்னும் பென்டியம் 4 இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தது. மிகுந்த வேகத்துக்காக அதன் பைப்லைன் 31 படிகளாக நீட்டப்பட்டிருந்தது. ஆயினும் வேகம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, வெப்பம் ஏறியது. அவ்வாண்டு மே மாதத்தில் அதன் வாரிசாகத் திட்டமிட்டிருந்த தேஜாஸ் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் திட்டமும் கைவிடப்பட்டது. இப்போக்கு இப்படியே நீண்டால் சில்லின் வெப்பச் செறிவு அணு உலைக்கும் ராக்கெட்டின் வாய்க்கும் நிகராகிவிடும் என்று இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் 2001இலேயே எச்சரித்திருந்தார்.

சுற்றுவழியின் கணக்கு எளியது. செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் கடிகார வேகத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க இடமுண்டு. இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாகக் கொண்டால், மின்செலவு 0.8இன் மும்மடியாக, அதாவது ஏறத்தாழப் பாதியாகிவிடும். எனவே முழுவேகத்தில் ஓடும் ஒரு கோர் தின்னும் மின்சாரத்தில், எண்பது விழுக்காடு வேகத்தில் ஓடும் இரண்டு கோர்களை இயக்கலாம். இரண்டுக்கும் சரியாக வேலை பங்கிட முடிந்தால் 1.6 மடங்கு வேலை நடக்கும். “பங்கிட முடிந்தால்” என்ற அந்த நிபந்தனையில்தான் அடுத்த இருபதாண்டுகளின் பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்த எண்ணம் நெருக்கடி வந்தபின் திடீரென உதித்ததன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குன்லே ஒலுகோட்டனும் அவருடைய குழுவினரும், ஒரே பெரிய சிக்கலான கருவைக் கட்டுவதைவிட எளிய கருக்கள் பலவற்றை ஒரு சில்லில் அமைப்பதே சிறந்தது என்று 1996இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் வாதிட்டனர். ஆண்டுதோறும் வேகம் தானாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மேசைக் கணினிச் சந்தைக்கு அந்த வாதத்தின் தேவை தென்பட மேலும் எட்டாண்டுகள் ஆயின. 2001இல் ஐபிஎம் தன் பவர்4 செயலியில் இரண்டு கோர்களை ஒரே சில்லில் வைத்தது. ஆனால் அது பெரும் சேவையகங்களுக்கானது. மேசைக்கு அந்த வடிவம் வந்தது 2005இல். இன்டெல்லின் பென்டியம் டி மே மாத இறுதியில் வந்தது. சில நாட்களிலேயே ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2 வந்தது. பென்டியம் டியில் அவசரத்தின் சுவடுகள் தெரிந்தன. அதன் இரண்டு கோர்களும் ஒரே சில்லில் அருகருகே இருந்தும், ஒன்றோடொன்று பேசச் சில்லுக்கு வெளியே உள்ள பாட்டையைச் சுற்றிவர வேண்டியிருந்தது. ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இருப்போர் தெருவுக்கு வந்து பேசிக்கொள்வதைப்போல. ஏஎம்டியின் வடிவத்தில் அந்த உரையாடல் சில்லுக்குள்ளேயே முடிந்தது.

இன்டெல்லை மீட்டது வேக ஓட்டத்தில் முன்னணியில் நின்ற குழுவன்று. மடிக்கணினிக்கான சிக்கனச் செயலிகளை வடிவமைத்துவந்த இஸ்ரேலின் ஹைஃபா குழு. மின்கலத்தை மிச்சப்படுத்துவதையே தம் தொழிலாகக் கொண்டிருந்த அவர்களுடைய வடிவமைப்பு மரபிலிருந்துதான் 2006 ஜூலையில் கோர் 2 டுவோ பிறந்தது. பென்டியம் 4ஐவிடக் குறைந்த கடிகார வேகம், 65 வாட் வெப்ப வரம்பு, ஆனால் கூடுதல் வேலை. துடிப்பின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு துடிப்பிலும் நடக்கும் வேலையே பெரிது என்பதைச் சந்தை அப்போதுதான் ஏற்றுக்கொண்டது.

வன்பொருளின் கதை இத்துடன் ஒருவாறு நிறைவடைகிறது. மென்பொருளின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 2005இல் நிரலாக்க அறிஞர் ஹெர்ப் சட்டர் எழுதிய கட்டுரை, இலவச விருந்து முடிந்துவிட்டது என்று தலைப்பிலேயே அறிவித்தது. இனிமேல் புதிய கணினியை வாங்குவதால் மட்டும் பழைய நிரல் விரைவாகாது. வேலையை எப்படிப் பங்கிடுவது என்பதை எழுதுபவரே சொல்லியாக வேண்டும்.

பங்கிடுவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஜீன் ஆம்டால் 1967இலேயே சொல்லியிருந்தார். அவருடைய விதியைத் தமிழருக்கு விளக்கத் தேரோட்டத்தைவிடச் சிறந்த உவமை இல்லை. நேரான வீதியில் வடம் பிடிப்போர் எத்தனை பேர் கூடுகிறார்களோ அத்தனைக்குத் தேர் விரைந்து நகரும். மூலையில் திரும்பும்போது நிலைமை வேறு. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஓரிருவரின் கைத்திறனே அங்கு தேரைத் திருப்புகிறது. வடத்தில் கைவைத்த ஆயிரம் பேரும் அந்நேரம் காத்து நிற்கிறார்கள். ஒரு கோர் 100 நிமிடத்தில் முடிக்கும் கணக்கில் 80 நிமிடம் நேர்வீதி, 20 நிமிடம் மூலை என்று கொள்வோம். பதினாறு கோர்களைப் பூட்டினால் 80 நிமிடம் ஐந்தாகிவிடும். 20 நிமிடம் அப்படியே நிற்கும். மொத்தம் 25 நிமிடம். பதினாறு மடங்கு கருவிக்கு நான்கு மடங்கு பயன். பத்து லட்சம் கோர்களைப் பூட்டினாலும் ஐந்து மடங்கைத் தாண்ட இயலாது.

மூலையில் காத்திருப்பது பொறுமையை மட்டுமே சோதிக்கிறது. பலர் ஒரே பொருளில் கைவைப்பது பிழையையே விளைவிக்கிறது. ஒரு கூட்டுக் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு கோர்கள் ஒரே கணத்தில் அந்த இருப்பைப் படிக்கின்றன. இரண்டும் தனித்தனியே 4,000 ரூபாயைக் கழித்து 1,000 என்று எழுதுகின்றன. 8,000 ரூபாய் வெளியே போயிருக்கும். ஏடு 1,000 மிச்சம் என்று காட்டும். இவ்வகைப் பிழை ஆயிரம் முறை சரியாக ஓடி ஆயிரத்தோராவது முறை தலைகாட்டும் இயல்புடையது, தேடும்போது ஒளிந்துகொள்ளும். 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். மரக்கிளைகள் மின்கம்பிகளில் உரசியதில் தொடங்கிய அந்தக் கோளாறு பெருகிப் பரவியதற்கான காரணங்களில் ஒன்று, கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் ஓசையின்றி உறைந்துபோனது. ஒரே தரவைப் பல செயல்கள் ஒரே நேரத்தில் எழுத முயன்ற பந்தயப் பிழையே அதற்குக் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது.

இதைத் தவிர்க்கப் பூட்டுகள் உண்டு. ஒருவர் எழுதும்வரை மற்றவர் காத்திருக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு பூட்டும் ஒரு புதிய மூலை. லினக்ஸ் இயங்குதளம் 1996இல் பல செயலிகளை ஆதரிக்கத் தொடங்கியபோது, உள்ளகம் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டைப் போட்டது. அந்தப் பூட்டைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரித்து முற்றிலும் அகற்றி முடிக்க 2011 ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள், உலகின் தேர்ந்த நிரலாளர்கள் பலரின் உழைப்பு. பைத்தான் மொழியில் ஒரு நேரத்தில் ஒரே இழையை மட்டும் ஓட அனுமதிக்கும் பொதுப்பூட்டு இன்றும் வழக்கமான பதிப்பில் நீடிக்கிறது. அது இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில்தான் சோதனை முயற்சியாக வெளிவந்தது.

மென்பொருள் தயங்கி நின்றபோது வன்பொருளும் நின்றது. நான்கு கோர் கொண்ட கோர் 2 குவாட் க்யூ6600 செயலி 2007 ஜனவரியில் வந்தது. பத்தாண்டு கழித்து 2017 ஜனவரியில் இன்டெல் பொதுச்சந்தைக்குத் தந்த உயர்ந்த செயலியிலும் நான்கே கோர்கள். அதற்கு மேல் வேண்டுவோர் மிகுவிலை கொடுக்கவேண்டியிருந்தது. போட்டியாளரான ஏஎம்டி 2011இல் புல்டோசர் வடிவத்தில் எட்டு கோர் என்று விற்றது. ஆனால் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து தசமப்புள்ளிக் கணிப்பகத்தைப் பகிர்ந்துகொண்டன. கோர் என்று எதை அழைப்பது என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றம்வரை சென்று, 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. எண்ணிக்கையே விற்பனைச் சொல்லாகிவிட்டால் அச்சொல்லின் பொருளும் நெகிழ்ந்துவிடும் என்பதற்கு அவ்வழக்கே சான்று.

2017 மார்ச்சில் ரைசன் வந்தபின் தேக்கம் உடைந்தது. எட்டு முழுமையான கோர்கள் 499 டாலருக்குக் கிடைத்தன. 2019இல் ஏஎம்டி பெரிய சில்லைச் சிறு சில்லுகளாகப் பிரித்து ஓர் அடிப்பலகையில் இணைத்தது. சில்லின் பரப்பு கூடக் கூட ஒரு குறையாவது அதில் விழும் வாய்ப்பும் கூடும். சிறு சில்லில் குறை விழுந்தால் இழப்பு சிறிது. அவ்வழியே அவ்வாண்டு நவம்பரில் மேசைக்குப் பதினாறு கோர்கள் வந்தன. 2021 நவம்பரில் இன்டெல் இன்னொரு திசையில் சென்றது: வலிய கோர்கள் எட்டு, சிக்கனக் கோர்கள் எட்டு. எல்லாக் கோர்களும் சமம் என்ற நம்பிக்கையும் அத்துடன் போயிற்று. கடிகார வேகமோ, சிறிது நேரமே நிலைக்கும் உச்சத்தில் இன்று 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. முன்பு ஒன்பதாண்டில் ஐம்பது மடங்கு; பின்பு இருபதாண்டில் இரண்டு மடங்கு.

இந்தியாவுக்கு இக்கதை அயலானதன்று. வயலை உழ இரண்டு வலிய எருதுகள் வேண்டுமா, 1,024 கோழிகள் வேண்டுமா என்று மீக்கணினி மேதை செய்மூர் கிரே கேட்டதாக ஒரு கூற்று வழங்கிவருகிறது. 1980களின் இறுதியில் இந்தியா விரும்பிய எருதை விற்க அமெரிக்கா தயங்கியபோது, புனேவில் 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் கோழிகளைத் தேர்ந்தது. பிரிட்டனின் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் பலவற்றை இணைத்து 1991இல் பரம் 8000 உருவானது. பின்னர் 2008 செப்டம்பரில் வந்த இன்டெல்லின் ஆறு கோர் சேவையகச் செயலி, டன்னிங்டன் என்று பெயரிடப்பட்டு 190 கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்டது, பெங்களூருவில் வடிவமைக்கப்பட்டது. வேலையைப் பங்கிடும் கலை இந்நாட்டு அறிஞர்களுக்குத் தெரியாததன்று.

ஆயினும் அக்கலை அறிந்தோரின் வட்டத்துக்கு வெளியே நிலைமை வேறு. இயற்பியலிலோ உயிரியலிலோ பொருளியலிலோ ஆய்வு செய்யும் மாணவரின் மேசையில் பதினாறு கோர் கணினி இருக்கக்கூடும். அதில் ஓடுவது வழிகாட்டியின் வழிகாட்டி எழுதிய ஃபோர்ட்ரான் நிரலாகவோ, ஒற்றை இழையில் இயங்கும் ஆர் நிரலாகவோ இருக்கும். ஒரு கோர் முழுமூச்சாக உழைக்கிறது. பதினைந்து கோர்கள் வெறுமனே இருக்கின்றன. முடிவு வர மூன்று நாள் ஆகிறது. உதவித்தொகையின் ஆண்டுகள் எண்ணிக் கொடுக்கப்பட்டவை. அவற்றில் எத்தனை நாட்கள் இப்படிக் காத்திருப்பில் கழிகின்றன என்று எந்த ஆய்வேடும் குறிப்பதில்லை. இன்னும் வேகமான கணினி வேண்டும் என்ற விண்ணப்பம் எழுதப்படுகிறது. இருபத்துநான்கு கோர் கணினி வருகிறது. மூன்று நாள் மூன்று நாளாகவே இருக்கிறது. சும்மா இருக்கும் கோர்கள் மட்டும் இருபத்து மூன்றாகின்றன.

இதற்கு மருந்து எப்போதும் அரியதன்று. அளவுருக்களை மாற்றி மாற்றிப் பதினாறு முறை ஓட்டவேண்டிய கணக்கானால், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டாமல் கோருக்கு ஒன்றாகப் பதினாறையும் ஒருங்கே ஓட்டலாம். நினைவகம் இடங்கொடுத்தால் நிரலில் ஒரு வரியும் மாற்றவேண்டியதில்லை. அணிக்கோவைக் கணிப்புகளுக்குப் பல கோர்களைத் தாமே பயன்படுத்தும் நூலகங்கள் உண்டு. ஆனால் அத்தகைய நூலகத்தைக் கொண்ட நிரல்கள் பதினாறை ஒருங்கே ஓட்டி, ஒவ்வொன்றும் பதினாறு இழைகளைக் கிளப்பினால், 256 இழைகள் பதினாறு கோர்களுக்கு முட்டிமோதி எல்லாமே மெதுவாகிவிடும். அப்போது இழைகளின் எண்ணிக்கையை ஒன்றெனக் கட்டுப்படுத்தவேண்டும். இவை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுக்கக்கூடியவை. கணினியியல் துறைக்கு வெளியே அந்தப் பிற்பகலுக்குப் பாடத்திட்டத்தில் இடம் கிடைப்பதுதான் அரிது.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு: நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று அளப்பது. அளந்து பார்த்தால் பல வேளைகளில் தாமதம் கணிப்பிலேயே இராது. ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பப் படிப்பதிலோ, பொருத்தமற்ற வழிமுறையிலோ இருக்கும். எத்தனை கோர்கள் சேர்ந்தாலும் அக்குறையைத் தீர்க்கமாட்டா.

முட்டுக்கட்டை என்ற சொல் அன்றாடப் பேச்சில் தடை என்றே பொருள்படுகிறது. தேரடியில் அதன் பொருள் வேறு. வடம் விசையைத் தருகிறது. முட்டுக்கட்டை திசையைத் தருகிறது. கணிப்பிலும் பங்கிட இயலாத அந்தப் பகுதியில்தான், அடுத்து எதைச் செய்வது, கிடைத்த விடைகளை எப்படி ஒன்றுசேர்ப்பது என்ற முடிவுகள் பெரும்பாலும் உறைகின்றன. சில்லு செய்வோர் வடத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டே இருப்பர். விலை கொடுத்தால் அவர்கள் கிடைப்பர். மூலையில் குனிந்து கட்டை வைக்கும் கை பழகித்தான் வரவேண்டும். அந்தக் கை பழகும்வரை தேர் நிலைக்கு வராது.